கையால் அறிதல்: முன்பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலே செய்யத்தக்க எளிய பயிற்சிகள்

இங்கிலாந்தில் நான்கு வயது நிறைந்த பிள்ளை, அடுத்து வரும் செப்டெம்பர் மாதத்தில் பாடசாலையின் ரிசெப்ஷன் வகுப்பில் சேர்த்துக்கொள்ளப்படுவது வழக்கம். அதற்கு முந்திய ஓராண்டிலோ ஈராண்டிலோ தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது, எழுத்துப் பயிற்சி ஏடுகள் விலைக்கு வாங்கப்படுகின்றன. மாலை வேளையில் பிள்ளை மேசைமுன் அமர்த்தப்பட்டுப் புள்ளிக் கோடுகளின்மேல் எழுதப் பழக்கப்படுகிறது. இரண்டாவது, பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மாவிடம், "இனிப் பிள்ளையோடை இங்கிலீசிலையே கதையுங்கோ அம்மா" என்று மகள் கேட்டுக்கொள்கிறாள். அம்மம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் இருபதோ முப்பதோ. அன்றுவரை கதையும் பாட்டும் கேள்வியுமாக இருந்தவர், அதன்பின் வா, இரு, சாப்பிடு என்பவற்றின் ஆங்கிலச் சொற்களோடு நின்றுவிடுகிறார்.

இரண்டும் பிள்ளையின் நன்மையை எண்ணியே செய்யப்படுகின்றன. முதலாவது தேவையற்றது. இரண்டாவது தேவையற்றது மட்டுமன்று, தீங்கும் பயப்பது. வீட்டிலே அன்றாடம் நடைபெறும் வேலைகளைக் கொண்டு, வீட்டு மொழியிலேயே, முன்பள்ளிப் பருவத்துப் பிள்ளைக்கு எவற்றைக் கற்பிக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டம் கேட்பதும் கேளாததும்

பிள்ளைக்குத் தக்க கல்வி கிடைக்கச் செய்யும் கடமையை 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 7ஆம் பிரிவு, பெற்றோர்மீது சுமத்துகிறது. ஆயினும் அக்கடமை பிள்ளை கட்டாயக் கல்வி வயதை அடைந்த பின்னரே தொடங்குகிறது. ஐந்து வயது நிறைந்தபின் வரும் டிசெம்பர் 31, மார்ச் 31, ஓகஸ்ட் 31 ஆகிய மூன்று நாட்களுள் எது முதலில் வருகிறதோ அதுவே அவ்வயதை நிர்ணயிக்கும் நாள். அதற்கு முன்பு பாடம் படிப்பிக்கும் கடமை எந்தப் பெற்றோருக்கும் இல்லை. நான்கு வயதிற் கிடைக்கும் ரிசெப்ஷன் இடம் ஒரு வாய்ப்பே அன்றிக் கட்டாயம் அன்று.

முன்பள்ளிகளும் ரிசெப்ஷன் வகுப்புகளும் பின்பற்றவேண்டிய விதிகள், 2006ஆம் ஆண்டின் பிள்ளைப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் ஆக்கப்பட்டு 2008 முதல் நடைமுறையில் உள்ளன. ஆரம்ப ஆண்டுகளின் அடித்தளக் கட்டம் என்று இதனைத் தமிழிற் கூறலாம். அது கற்றலை ஏழு துறைகளாக வகுக்கிறது. அவற்றுள் முதன்மையானவையாக வைக்கப்பட்டவை மூன்று: பேச்சும் மொழியும், உடல் வளர்ச்சி, தன்னையும் பிறரையும் அறிந்து பழகுதல். வாசிப்பும் கணக்கும் இம்மூன்றின்மேற் கட்டப்படும் ஏனைய நான்கு துறைகளுள் அடங்குவன. எண்களை நூறு வரை எழுதிக் காட்டவேண்டும் என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை.

ரிசெப்ஷன் வகுப்பின் முதல் ஆறு வாரங்களுக்குள் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையுடனும் தனித்தனியே அமர்ந்து சிறு மதிப்பீடொன்றைச் செய்வார். 2021 செப்டெம்பர் முதல் இது எல்லா அரச பாடசாலைகளிலும் நடைபெறுகிறது. ஏறத்தாழ இருபது நிமிடம் எடுக்கும் அம்மதிப்பீட்டில் சித்தியும் இல்லை, தோல்வியும் இல்லை. அதற்கென வீட்டில் எந்த ஆயத்தமும் தேவையில்லை. அதற்காகப் பணம் கொடுத்து வகுப்புக்கு அனுப்புவோர் இருப்பின், அப்பணத்தைச் சேமித்துக்கொள்ளலாம்.

எந்த மொழியிற் செய்வது

சட்ட வாசகங்களில் ‘செய்யலாம்’ என்பதற்கும் ‘செய்தல் வேண்டும்’ என்பதற்கும் இடையேயுள்ள தூரம் பெரிது. வீட்டு மொழி ஆங்கிலமல்லாத பிள்ளைகளைப் பற்றி மேற்கூறிய விதிகள் பேசும்போது ‘வேண்டும்’ என்றே பேசுகின்றன. அத்தகைய பிள்ளை விளையாட்டிலும் கற்றலிலும் தன் வீட்டு மொழியைப் பயன்படுத்தி வளர்த்துக்கொள்வதற்கு முன்பள்ளி நியாயமான நடவடிக்கைகளை எடுத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி பெறுவதற்குப் போதிய வாய்ப்பை அளிப்பதும் அதே முன்பள்ளியின் கடமை. ஆங்கிலம் கற்பிக்கும் பொறுப்பு அம்மம்மாவின் தலையில் வைக்கப்படவில்லை.

பெற்றோர் கவனிக்கவேண்டிய இன்னொரு விதியும் உண்டு. பிள்ளைக்கு ஆங்கிலத்தில் போதிய ஆற்றல் இல்லையெனக் கண்டால், வீட்டு மொழியில் அப்பிள்ளையின் ஆற்றல் எவ்வளவு என்பதை ஆசிரியர் பெற்றோருடன் பேசி ஆராய்தல் வேண்டும். பேச்சு வளர்ச்சியில் தாமதம் உண்டா, அன்றி ஆங்கிலம் புதிதாக இருப்பது மட்டுமே காரணமா என்பதை அவ்வாறே பிரித்தறிய முடியும். தமிழில் ஐந்தாறு சொற்கள் கொண்ட வாக்கியம் அமைத்துப் பேசும் பிள்ளை, முன்பள்ளியில் மௌனமாயிருந்தாலும், அதன் தமிழே அதற்குச் சான்றாகிறது. தமிழை நிறுத்திவிட்ட வீட்டிலோ, ஆங்கிலமும் இன்னும் வராத நிலையில், காட்டுவதற்குச் சான்று எதுவும் எஞ்சுவதில்லை. உண்மையில் உதவி தேவைப்படும் பிள்ளையை இனங்காண்பதும் அப்போது தாமதமாகிறது. தேவைப்படாத பிள்ளைமீது ஐயம் எழுவதும் அப்போதுதான்.

இரு மொழிகளைக் கேட்டு வளர்தல் பேச்சைத் தாமதப்படுத்தும் என்பது இன்னும் பலரிடம் நிலவும் தவறான எண்ணம். ஒரு மொழியில் ‘பெரியது, சிறியது’ என்னும் கருத்தைக் கையால் தொட்டு உணர்ந்த பிள்ளைக்கு மற்ற மொழியில் புதிதாக வேண்டியது சொல் மட்டுமே. கருத்தை மறுபடி கற்கவேண்டியதில்லை. ஆகவே கீழ்வரும் பயிற்சிகள் அனைத்தையும் வளர்ந்தோர் தமக்கு மிக இயல்பாக வரும் மொழியில், நிறையப் பேசிக்கொண்டு செய்தல் நன்று.

மாவும் விரலும்

பென்சிலைப் பிடிப்பதற்கு முன்பு கை பலம் பெறவேண்டும். தோள், மணிக்கட்டு, உள்ளங்கை, விரல் என்னும் ஒழுங்கிலேயே பிள்ளையின் கை கட்டுக்குள் வருகிறது. மூன்று வயதுப் பிள்ளை எழுத்தின்மேல் எழுத மறுப்பது பெரும்பாலும் சோம்பலால் அன்று. கை இன்னும் ஆயத்தமாகாமையால். இந்நிலையில் பயிற்சி ஏடு கற்பிப்பதெல்லாம், எழுதுவது துன்பமான வேலை என்னும் ஒரு பாடத்தையே.

கைக்குப் பலம் தரும் வேலைகள் தமிழர் அடுக்களையில் நிரம்பியுள்ளன. ரொட்டிக்குக் குழைத்த மாவில் ஒரு தேசிக்காய் அளவு பிள்ளைக்குத் தனியே கொடுத்து, உருட்டவும் தட்டவும் நீட்டவும் விடலாம். பட்டாணிக் கோதை உடைத்தல், அவித்த முட்டையின் கோதை உரித்தல், வெள்ளைப்பூண்டின் தோலை நீக்குதல், கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவுதல், மல்லியிலையைக் கிள்ளுதல் ஆகிய யாவும் பெருவிரலையும் சுட்டுவிரலையும் நடுவிரலையும் ஒன்றாக இயக்கும் வேலைகள். பென்சிலைப் பிடிப்பவையும் அம்மூன்று விரல்களே. இடியப்பம் பிழியும்போது உரலின் கைபிடியில் பெரியவரின் கையோடு தன் கையையும் சேர்த்து அழுத்துவது பிள்ளைகளுக்கு மிக விருப்பமான வேலை. சூடான மாவாயின் சற்று ஆறவிட்டுச் செய்தல் வேண்டும்.

சமையலோடு சேராமல் விளையாட்டுக்கென்றே மா வைத்துக்கொள்ள விரும்புவோர், கோதுமை மா 8 மேசைக்கரண்டி, உப்பு 2 மேசைக்கரண்டி, இளஞ்சூடான நீர் 60 மில்லிலீற்றர், எண்ணெய் 1 மேசைக்கரண்டி சேர்த்துக் குழைத்துக்கொள்ளலாம். ஒரு சிட்டிகை மஞ்சள் நல்ல நிறம் தரும், ஆனால் உடுப்பிலும் ஒட்டும். காற்றுப் புகாத பெட்டியிற் போட்டுக் குளிரூட்டியில் வைத்தால் சில நாட்களுக்குப் பயன்படும். இம்மாவில் உப்பு மிகுதி; வேகாத மாவிலோ கிருமிகள் இருக்கக்கூடும். பிள்ளை இதனை உண்ணாதபடி அருகிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

மா குழைக்கும்போது பேசுவதற்குச் சொற்களுக்குக் குறைவில்லை. நீர் விட்டால் பிசுபிசுக்கும், மா தூவினால் உதிரும், எண்ணெய் தொட்டால் வழுக்கும். உருட்டினால் உருண்டை, நீட்டினால் பாம்பு, தட்டினால் வட்டம். "இப்போது என்ன செய்தாய்? ஏன் ஒட்டுகிறது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருத்தல் வேண்டும். பெரியவர்கள் பொதுவாக மிக விரைவில் தாமே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள்.

எழுத்தின் தொடக்கத்துக்கு நம்மவரிடம் ஒரு பழைய முறை உண்டு. ஏடு தொடக்கும் நாளில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிப்பது அது. வழிபாட்டு முறை எதுவாயினும், அதன் கல்விப் பயனை எந்த வீட்டிலும் பெறலாம். ஓரம் உயர்ந்த தட்டில் அரிசியையோ ரவையையோ மெல்லிதாகப் பரப்பி, பிள்ளை விரலால் கோடு இழுக்கட்டும். முதலில் நெடுங்கோடு, பின்பு கிடைக்கோடு, வட்டம், கோலத்திற் போலப் புள்ளியைச் சுற்றி வரும் வளைவு. தட்டை ஒருமுறை அசைத்தால் எல்லாம் அழிந்துவிடும். பிழை நிலைத்து நில்லாத இடத்தில் பிள்ளை அச்சமின்றி எழுதுகிறது. எழுத்து வேண்டுமென்று பிள்ளை கேட்கும்போது, முதலில் தன் பெயரை எழுதக் காட்டலாம். முன்பள்ளியில் தன் மேலங்கி தொங்கும் இடத்தையும் தன் பையையும் அடையாளங்காண ஆங்கிலத்தில் எழுதிய பெயர் உதவும். தமிழில் எழுதிய பெயரை வீட்டுக் குளிரூட்டியின் கதவில் ஒட்டி வைக்கலாம்.

இங்கு இரண்டு செய்திகளைக் கூறாமல் விட முடியாது. ஒன்று இடக்கைப் பழக்கம். பிள்ளை இடக்கையால் எடுப்பதையும் எழுதுவதையும் கண்டவுடன் கையை மாற்றிவிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் முற்றாக மறையவில்லை. எக்கையை விரும்புவது என்பது பெரும்பாலும் பாடசாலை வயதை ஒட்டித் தானே உறுதிப்படும். அதனை வலிந்து மாற்றுதல் கூடாது. இடக்கையர்க்கென்றே செய்யப்பட்ட கத்தரிக்கோல் கடைகளிற் கிடைக்கிறது. மற்றது, சோறு தீத்துதல். நான்கு வயதிலும் வாய்க்கு வாய் ஊட்டுவது பாசத்தின் வெளிப்பாடே. எனினும் ரிசெப்ஷன் வகுப்பின் உணவு வேளையில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவே ஊட்டுவதற்கு எவரும் இருக்கமாட்டார். சோற்றைக் குழைத்துப் பிடித்துத் தானே உண்ணும் பிள்ளையின் விரல்கள் ஒவ்வொரு வேளையும் பயிற்சி பெறுகின்றன. வாரத்திற் சில நாள் முள்ளுக்கரண்டியும் பழகட்டும். மேலங்கியின் சிப்பை இழுத்துப் பூட்டவும், சாப்பாட்டுப் பெட்டியைத் தானே திறக்கவும், கழிவறையிற் தானே சுத்தம் செய்யவும் பழகிய பிள்ளைக்கு, எழுத்துக்கள் தெரியாவிடினும், முதற் கிழமை எளிதாகக் கழியும்.

ஐந்துக்குள் இருப்பது

"எங்கள் பிள்ளை நூறு வரை சொல்லும்" என்று பெருமையுடன் கூறும் பெற்றோர் உளர். அப்பிள்ளையிடம் "ஏழு கரண்டி எடுத்து வா" என்று சொல்லிப் பார்த்தால், கை நிறைய அள்ளிக்கொண்டு வருவதும் உண்டு. எண்களை வரிசையாக ஒப்புவிப்பது ஒருவகைப் பாட்டு. எண்ணுவது வேறு.

ரிசெப்ஷன் ஆண்டு முடிவில் கணக்கில் எதிர்பார்க்கப்படுவது, பத்து வரையான எண்களை ஆழமாக அறிந்திருத்தல். ஓர் எண்ணுக்குள் எந்த எண்கள் அடங்கியுள்ளன என அறிதல், ஐந்து வரையான பொருட்களை எண்ணாமலே ஒரு பார்வையில் எத்தனை என்று கூறுதல், ஐந்தை ஆக்கும் சோடிகளைத் தயங்காமற் சொல்லுதல் ஆகியவை அதன் கூறுகள். நூறைவிட ஐந்தே முக்கியம்.

இதற்கு நம்மிடமே ஒரு விளையாட்டு உண்டு. யாழ்ப்பாணத்தில் கொக்கான் என்றும் தமிழகத்தில் ஐந்தாங்கல் என்றும் வழங்கும் அவ்விளையாட்டில் ஒரு கல் மேலே செல்லும்போது நான்கு கற்கள் நிலத்தில் இருக்கும். அந்நான்கையும் ஒவ்வொன்றாகவும், இரண்டிரண்டாகவும், மூன்றும் ஒன்றுமாகவும், ஒருங்கேயும் அள்ளுவர். எண்ணின் உட்பிரிவை நம் பாட்டிமார் முற்றத்தில் இருந்து கற்ற முறை அது. மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்குக் கல்லை எறிந்து பிடித்தல் இயலாது; வாயிற் கொள்ளாத அளவு பெரிய கூழாங்கற்கள் ஐந்தும் ஒரு சிரட்டையும் போதும். ஐந்து கற்களையும் பிள்ளையின் முன் வைத்து எண்ணச் செய்க. பிள்ளை கண்ணை மூடியிருக்க, இரண்டைச் சிரட்டையால் மூடிவிடுக. "வெளியே எத்தனை? உள்ளே எத்தனை?" முதல் நாட்களிற் பிள்ளை ஊகிக்கும். சிரட்டையைத் தூக்கிப் பார்த்துச் சிரிக்கும். சில கிழமைகளில், மூன்று வெளியே இருந்தால் இரண்டு உள்ளே என்பதைப் பாராமலே சொல்லும். ஒருமுறை ஐந்தையும் மூடிவிட்டு வெளியே எத்தனை என்று கேட்டால், சுழியம் என்னும் கருத்தும் வந்துவிடுகிறது. பின்பு வேடங்களை மாற்றி, பிள்ளை மறைக்கவும் பெரியவர் சொல்லவும் செய்யலாம்; பெரியவர் வேண்டுமென்றே தவறான விடையைக் கூறினால் பிள்ளை திருத்தும் ஆர்வத்தைக் காணலாம்.

இரவு உணவுக்குத் தட்டு வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் ஒப்படைப்பதும் கணக்கே. இன்று வீட்டில் எத்தனை பேர்? ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கொரு அப்பளம். மாமா வந்தால் ஒன்று கூடும். அப்பா இரவு வேலைக்குச் சென்றால் ஒன்று குறையும். உலர்ந்த துணிகளில் காலுறைகளைச் சோடி சேர்த்தலும், பருப்பையும் பயற்றையும் கடலையையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுதலும் வகைப்படுத்தலுக்குரிய பயிற்சிகள். பிரித்த பின், "எதனால் இவற்றை ஒன்றாக வைத்தாய்?" என்று கேட்டால், பிள்ளை நிறத்தையோ அளவையோ காரணமாகச் சொல்லும். அக்காரணமே இங்கு வேண்டப்படுவது.

தமிழ் எண்ணுப் பெயர்களில் ஒரு வசதி உண்டு என்பதையும் இங்கு குறிப்பிடலாம். ‘இலெவன்’ என்னும் ஆங்கிலச் சொல்லில் பத்து எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. ‘பதினொன்று’ என்பதிலோ பத்தும் ஒன்றும் காதில் விழுகின்றன. 14 என்பதை எழுதும்போது பத்தைக் குறிக்கும் இலக்கம் முன்னே வருகிறது. ‘பதினான்கு’ என்று சொல்லும்போதும் பத்தே முன்னே வருகிறது. ‘ஃபோர்ட்டீன்’ என்பதில் நான்கு முன்னே வந்துவிடுவதால் அதற்கும் ‘ஃபோர்ட்டி’ என்பதற்கும் இடையே பிள்ளைகள் தடுமாறுவதுண்டு. ஒன்பதும் தொண்ணூறும் தமிழில் வழிதவறி நிற்பவை என்பது உண்மைதான். ஆயினும் தமிழில் எண்ணக் கற்ற பிள்ளை கணக்கில் ஒரு படி முன்னே நிற்கிறதே அன்றிப் பின்னே அன்று. ஆங்கில எண்களை முன்பள்ளி கற்பிக்கும். இரண்டு வரிசைகளையும் பிள்ளை குழப்பமின்றி வைத்துக்கொள்ளும்.

முளையும் நீரும்

பாசிப்பயறு பத்தை இரவு நீரில் ஊறவிட்டு, காலையில் ஊறாத பத்தோடு பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்க்கச் செய்யலாம். ஈரத்துணியில் முடிந்து வைத்தால் ஓரிரு நாளில் வெள்ளை முளை தோன்றும். குளிர்காலத்திற் சற்றுப் பிந்தும். ஆங்கிலேயப் பாடசாலைகளில் ஈரப்பஞ்சின்மேல் கிரெஸ் என்னும் கீரை வகையை வளர்ப்பது போல, வீட்டிலுள்ள வெந்தயத்தையும் கடுகையும் வளர்க்கலாம். தினமும் ஒரு படம் வரைந்து வைத்தால், நேற்று, இன்று, நாளை என்னும் சொற்கள் பொருள் பெறுகின்றன. பஞ்சு ஒன்றை இருட்டான அலுமாரியிலும் ஒன்றை யன்னலோரத்திலும் வைத்தால், இருட்டில் வளர்ந்தது மஞ்சளாய் நெடிதாய் நிற்பதைப் பிள்ளை தானே கண்டு காரணம் கேட்கும்.

குளியல் வேளையில் ஒரு கோப்பை, ஒரு சாடி, ஒரு புனல் போதும். சாடி நிரம்ப எத்தனை கோப்பை? நிரம்பியது, வழிந்தது, பாதி, வெறுமை. முன்பு அரிசி அளக்கச் சுண்டு பயன்படுத்திய வீடுகளில் அதனையே கொடுக்கலாம்.

தவிர்க்கவேண்டியவை

சில எச்சரிக்கைகள் கண்டிப்பாகப் பின்பற்றவேண்டியவை. நீர் எத்துணைச் சிறிதாயினும் பிள்ளையை அதனருகே தனியே விடலாகாது. சில சென்ரிமீற்றர் ஆழமே ஆபத்தானது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையும், எதையும் வாயில் வைக்கும் பழக்கமுள்ள பிள்ளையும் இருக்கும் வீட்டில் பயறு, கடலை, மணி முதலிய சிறு பொருட்களைக் கொண்டு செய்யும் பயிற்சிகள் வேண்டா. கச்சானையோ வேறு கொட்டைகளையோ முழுதாக ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உண்ணக் கொடுத்தலாகாது. திராட்சையை நீளவாக்கிற் பிளந்தே கொடுத்தல் வேண்டும். கிட்னி பீன்ஸ் எனப்படும் சிவப்பு அவரை வேகாத நிலையில் நச்சுத்தன்மை உடையது. அதனை விளையாடக் கொடாதிருத்தல் நன்று.

ஊரிலிருந்து கொணர்ந்து பேழையில் வைத்துள்ள குன்றிமணிகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். சிவப்பும் கறுப்புமான அவ்விதைகள் அழகானவை. பல்லாங்குழி ஆடவும் பயன்பட்டவை. மென்று உண்டால் உயிருக்கே ஆபத்து விளைக்கும் நஞ்சு அவற்றில் உண்டு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அவற்றை வைத்திருத்தலே கூடாது.

திரையைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் அமர்ந்து திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்தை மிஞ்சலாகாது. குறைவாயின் மேலும் நன்று. எழுத்துக் கற்பிக்கும் செயலிகளும் திரையே.

வீட்டுக்கு வெளியே

பேருந்தின் எண், வீட்டுக் கதவின் எண், தெருவின் ஒரு பக்கத்தில் ஒற்றை எண்களும் மறுபக்கத்தில் இரட்டை எண்களும் இருத்தல் என்று முன்பள்ளிக்கு நடந்து செல்லும் வழியிலேயே பாடம் கிடக்கிறது. பொது நூலகங்களில் பிள்ளைகளுக்கு உறுப்பினர் அட்டை இலவசம். பல நூலகங்களில் சிறு பிள்ளைகளுக்கான பாட்டும் கதையும் நடைபெறுகின்றன. தமிழ் நூல் கிடைக்காவிடின் ஆங்கிலப் படநூலை எடுத்து, படத்தைக் காட்டித் தமிழிற் கதை சொல்லலாம். எழுதியுள்ளபடியே சொல்லவேண்டும் என்னும் நியதி இல்லை. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அம்மப்பாவும் இவ்வாறு நாளொரு நூல் ‘வாசிக்க’ முடியும்.

உதவி கேட்கவேண்டிய வேளை

முன்பள்ளியிற் சேர்ந்த புதிதிற் பல கிழமைகள் பேசாதிருக்கும் பிள்ளைகள் உண்டு. புது மொழியைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளும் காலம் அது. வீட்டில் வழமைபோற் பேசுமாயின் அஞ்சவேண்டியதில்லை. மாறாக, தமிழிலும் வயதுக்கேற்பப் பேசாவிடினும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிடினும், முன்பு பேசிய சொற்கள் மறைந்துபோயினும், பொறுத்திருந்து பார்ப்போம் என்று இருத்தலாகாது. ஹெல்த் விசிட்டர் என அழைக்கப்படும் தாதியர் எல்லாப் பிள்ளைகளையும் இரண்டு வயதுக்கும் இரண்டரை வயதுக்கும் இடையில் பார்வையிட வேண்டியவர்கள். பிள்ளை எவற்றைச் செய்கிறது என்ற வினாக்கொத்து ஒன்று அதற்கு முன்பே பெற்றோருக்குத் தரப்படும். அதனை நிரப்பும்போது, தமிழிற் செய்வதையும் சொல்வதையும் சேர்த்தே எழுதவேண்டும். "ஆங்கிலத்தில் சொல்லாது, ஆகவே இல்லை" என்று நிரப்புவது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. சந்திப்பின்போது தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம்; அதற்குக் கட்டணம் இல்லை. உறவினரையோ மூத்த பிள்ளையையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்ல வேண்டியதில்லை.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் அனைவருக்கும், பெற்றோரின் வருமானம் எதுவாயினும், மூன்றாவது பிறந்தநாளை அடுத்து வரும் தவணையிலிருந்து ஆண்டுக்கு 570 மணித்தியாலம், அதாவது 38 கிழமைகளுக்குக் கிழமைக்கு 15 மணித்தியாலம், முன்பள்ளி இடம் உண்டு. அங்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பான ஒருவர் நியமிக்கப்படுவார். முதல் நாளன்றே அவரிடம் ஒரு தாளைக் கொடுத்துவிடுவது பயன் தரும். பிள்ளை வீட்டில் வழங்கும் பத்துப் பன்னிரண்டு சொற்கள் ஆங்கில எழுத்தில், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் பொருள்: தண்ணி, பசிக்குது, நோகுது, ஒண்டுக்கு, காணும், அம்மம்மா. ‘காணும்’ என்பது ‘போதும்’ என்று பொருள்படும் எனத் தெரியாத ஒருவர், பிள்ளையின் தட்டில் மேலும் மேலும் உணவை வைத்துக்கொண்டிருப்பார். நாளடைவில் அத்தாள் முன்பள்ளிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். அதனை மாதந்தோறும் புதுப்பித்துக் கொடுக்கலாம்.